கப்பல் நின்ற காலத்துப் பிள்ளைகள்

இரண்டாம் உலகப் போரைப் பற்றித் தமிழில் எழுந்த எழுத்துக்களை ஒருவர் தொகுக்க முற்படுவாரேயானால், அத்தொகுப்பில் வணிகர் இருப்பர். வட்டிக் கடையின் பெட்டியடிப் பையன்கள் இருப்பர். இந்திய தேசிய ராணுவத்து வீரர் இருப்பர். காடு கடந்து நடந்து வந்த அறிஞரும் இருப்பார். குழந்தையைத்தான் தேட வேண்டும். கைபிடித்து அழைத்து வரப்பட்ட குழந்தை, தோளில் தூக்கி வரப்பட்ட குழந்தை, ஓரிரவில் ரயிலேற்றி அனுப்பப்பட்ட குழந்தை, இவர்களுள் ஒருவரேனும் கதையின் நடுவிடத்தில் நிற்கும் நாவலை நான் படித்த அளவில் கண்டதில்லை. இக்குறை தற்செயலாக நேர்ந்ததன்று. நம் பெருமைகளுள் ஒன்றென நாம் கருதிவரும் ஒரு நம்பிக்கையே இதற்குக் காரணம் என்பது என் கருத்து. அதைச் சற்று விரித்துக் கூற விழைகிறேன்.

நிகழ்ச்சிகளை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை மலாயாவின் கோத்தபாருவில் இறங்கிற்று. 11ஆம் நாள் பினாங்கில் குண்டு விழுந்தது. ஒரு வாரத்துக்குள் அத்தீவின் ஐரோப்பியக் குடும்பங்கள் இரவோடிரவாக வெளியேற்றப்பட்டன. உடன் வாழ்ந்த சீனருக்கும் மலாயருக்கும் தமிழருக்கும் அது பொழுது விடிந்த பின்னரே தெரிந்தது. 23ஆம் நாள் ரங்கூன். 25ஆம் நாள் மீண்டும் ரங்கூன். 1931ஆம் ஆண்டுக் கணக்குப்படி அந்நகரில் வாழ்ந்த சுமார் 4 லட்சம் மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். கப்பலில் இடம் கிடைத்தோர் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் வந்து சேர்ந்தனர். கிடைக்காதோர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர்க் காட்டு வழியாகவும் நடந்தனர். நாலைந்து லட்சம் பேர் பர்மாவை விட்டு வெளியேறினர் என வரலாற்றாசிரியர் மதிப்பிடுகின்றனர். வழியில் மாண்டோர் பல்லாயிரவர். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் மார்ச் 8இல் ரங்கூனும் ஜப்பானியர் வசமாயின.

பின்னர்ப் போர் நம் கரைக்கே வந்தது. ஏப்ரல் 5இல் கொழும்பு தாக்கப்பட்டது. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. சென்னையில் இருந்தே ஆகவேண்டிய அலுவல் இல்லாதோர் வெளியேறுவது நலம் என்று அரசாங்கம் அறிவித்தது. அலுவலகங்களும் உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தன. விலங்குக் காட்சிசாலையின் சிங்கம் புலிகளைக்கூடச் சுட்டுக் கொன்றனர், குண்டு விழுந்தால் அவை கூண்டு உடைத்து ஊருக்குள் புகுமே என்றஞ்சி. 7 லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த நகரம் சில நாட்களில் பெரிதும் வெறிச்சோடியது. தமிழுலகம் இந்நிகழ்ச்சியை நினைவுகூர்வது பெரும்பாலும் ஒரு முதியவரின் மரணத்தின் வழியாகவே. உ. வே. சாமிநாதையர் அவர்கள் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றத்துக்குப் பெயர்ந்து, அங்கேயே 1942 ஏப்ரல் 28இல் காலமானார். அவ்விழப்பு நினைவிற்குரியதுதான். அதே ரயில்களில் ஏறிச் சென்ற ஆயிரமாயிரம் சிறுவர்களோ எவர் நினைவிலும் இல்லை.

அவர்கள் எங்கே சென்றனர்? தத்தம் பூர்வீக ஊர்களுக்கு. நம்மவரைப் பொறுத்தவரை அது காவிரிக் கழிமுகத்து ஊர்களாகிய முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர், நாகூர் முதலியன. முத்துப்பேட்டைக்கு 1894இலேயே மாயவரத்திலிருந்து ரயில் வந்துவிட்டது. எழும்பூரில் ஏறிய குடும்பம் மாயவரத்தில் வண்டி மாறித் திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக இங்கு வந்திறங்கும். இதில் நாம் நின்று சிந்திக்க வேண்டிய ஒன்றுண்டு. கடலிலிருந்து குண்டு வரும் என்றஞ்சிச் சென்னையை விட்டவர்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்த இடமும் கடலோரமே! கோரையாறும் பாமணியாறும் வந்து கலக்கும் காயலும், அதைச் சூழ்ந்த அலையாத்திக் காடும், அதற்கப்பால் திறந்த கடலும் உள்ள ஊர் இது. பாதுகாப்பைக் கணக்கிட்டவர் எவரும் இவ்வூரைத் தேர்ந்தெடுத்திரார். அப்பிள்ளைகள் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்பப்படவில்லை. உறவினர் இருந்த இடத்துக்கு அனுப்பப்பட்டனர். இவ்விரண்டும் ஒன்றென்று எண்ணியதே நாம் செய்த முதற் பிழை.

இங்கிலாந்து நாட்டினர் செய்தது வேறு. 1939 செப்டம்பர் 1ஆம் நாள் தொடங்கிச் சில நாட்களுக்குள் சுமார் 15 லட்சம் பேரை, பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளை, நகரங்களிலிருந்து நாட்டுப்புறத்துக்கு அவர்கள் அனுப்பினர். சட்டையில் பெயர் எழுதிய அட்டை. தோளில் நச்சுக்காற்று முகமூடிப் பெட்டி. போய்ச் சேரும் ஊரோ முன்பின் அறியாதது. ஊர்ப் பொதுமண்டபத்தில் வரிசையாக நிறுத்தப்பட்ட பிள்ளைகளுள் தமக்குப் பிடித்தவரை ஊரார் தேர்ந்தெடுத்து அழைத்துச் சென்றனர். கடைசிவரை எவராலும் தேர்ந்தெடுக்கப்படாமல் நின்ற பிள்ளையின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்! அந்நாட்டு எழுத்தாளர் அதை எழுதிக்கொண்டே இருக்கின்றனர். சி. எஸ். லூயிஸ் 1950இல் வெளியிட்ட சிறுவர் கதையில், குண்டுவீச்சுக்காக லண்டனை விட்டு ஒரு முதிய பேராசிரியர் வீட்டுக்கு அனுப்பப்பட்ட நான்கு பிள்ளைகள்தாம் அலமாரிக்குள் புகுந்து வேறோர் உலகைக் காண்கின்றனர். மிஷேல் மகோரியன் 1981இல் எழுதிய நாவலில், தாயிடம் அடிபட்டு வளர்ந்த சிறுவன் ஒருவன் அயலாராகிய கிழவரிடத்தில் அன்பைப் பெறுகிறான். அறிவுத்துறையினரும் வாளாவிருக்கவில்லை. அன்னா ஃபிராய்டும் டாரதி பர்லிங்ஹாமும் லண்டனில் போர்க்காலக் குழந்தைகளைக் கவனித்து, குண்டுவீச்சைக் காட்டிலும் தாயைப் பிரிந்ததே சிறு குழந்தைகளை மிகுதியும் வருத்திற்று என்று 1943இல் எழுதினர்.

கடல் கடத்தி அனுப்பப்பட்ட பிள்ளைகளும் உண்டு. 1940 செப்டம்பர் 17இரவு அத்தகைய 90 பிள்ளைகளோடு கனடா நோக்கிச் சென்ற கப்பல் ஒன்று ஜெர்மானிய நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டு, 77 பிள்ளைகள் மாண்டனர். அக்கப்பலின் பெயர் 'சிட்டி ஆஃப் பெனாரிஸ்', அதாவது காசி நகரம். அதன் மாலுமிகளுள் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து சென்ற லாஸ்கர்கள். எட்டு நாட்கள் அலைகடலில் மிதந்த உயிர்காப்புப் படகொன்றில் ஆறு சிறுவர்களோடு உயிர் தப்பியோரிலும் லாஸ்கர்களே மிகுதி. பிள்ளைகளின் பெயர்கள் நூல்தோறும் உள்ளன. அம்மாலுமிகளின் பிள்ளைகள் எந்த ஊரில் காத்திருந்தனர் என்று அந்நூல்கள் கேட்பது அரிது.

இனி நம்மவர் கூறும் விடைக்கு வருவோம். இலக்கியக் கூட்டங்களில் இப்பொருளை எடுத்தபோதெல்லாம் எனக்குக் கிடைத்த மறுமொழி ஒன்றே: ஆங்கிலேயப் பிள்ளைக்குப் போக்கிடம் இல்லை, அந்நியன் வீட்டுக்குப் போயிற்று, அழுதது, கதையாயிற்று, நம் பிள்ளையோ பாட்டி வீட்டுக்குப் போயிற்று, மாம்பழம் தின்றது, அதில் எழுத என்ன இருக்கிறது? கேட்பதற்கு இனிய விடைதான். கூட்டுக் குடும்பத்தின் நன்மையை நான் மறுப்பவனல்லேன். அரசாங்கம் ஒரு கவளம் கொடாத காலத்தில் இத்தனை பேருக்குச் சோறிட்டது அவ்வீடுகளே. ஆனால் ஒரு நன்மை உண்மையாயிருப்பதனால் அதன் நிழல் பொய்யாகிவிடாது. பர்மா அரிசி நின்றுபோய் நெல்லுக்குக் கட்டுப்பாடும் பங்கீடும் வந்த காலம் அது. வயல் சூழ்ந்த கழிமுகத்திலும் அடுப்பங்கரையில் அளவு பார்த்தே உலை வைக்க வேண்டியிருந்தது. பதின்மர் உண்ட வீட்டில் இருபதின்மர் உண்ண நேர்ந்தால், இருபதின்மரில் எவர் பிள்ளைக்கு முதல் அகப்பை, எவர் பிள்ளைக்கு அடிச்சோறு என்பதை அப்பிள்ளை அறியாமலா இருக்கும்?

ஜப்பானிய எழுத்தாளர் நோசாக்கா அகியுகி 1967இல் எழுதிய 'மின்மினிகளின் கல்லறை' என்னும் கதையை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்க வேண்டும். கோபே நகரம் எரிந்து தாயை இழந்த பதினான்கு வயது அண்ணனும் நான்கு வயதுத் தங்கையும் போய்ச் சேர்வது அந்நியர் வீட்டுக்கன்று. உறவினளாகிய அத்தை வீட்டுக்கே. அவ்வத்தை கொடியவளும் அல்லள். அரிசி குறையக் குறைய அவள் சொற்கள் கூர்மையாகின்றன, அவ்வளவே. அச்சொற்களைத் தாங்காமல் வெளியேறிய அவ்விருவரும் ஒருவர் பின் ஒருவராகப் பசியால் மடிகின்றனர். நோசாக்கா தம் சிறு தங்கையைப் பசிக்குப் பறிகொடுத்தவர். உறவினர் வீட்டைக் கதையின் களமாக்க அவருக்கு இருந்த துணிவே அக்கதையின் உயிர். நம்மிடம் இல்லாததும் அத்துணிவே. உறவினரைக் குறைகூறுவதாகிவிடுமே என்று நாம் எழுதுகோலை மூடிவிட்டோம்.

தமிழில் உள்ளவற்றை மதிப்பிடுவோம். வெ. சாமிநாத சர்மா அவர்கள் ரங்கூனில் பத்தாண்டுகள் வாழ்ந்து 'ஜோதி' இதழை நடத்தியவர். 1942இல் துணைவியாரோடு நாடு திரும்பிய வரலாற்றை 'எனது பர்மா வழிநடைப் பயணம்' என எழுதினார். 1978இல் அவர் மறைந்த பின் அது நூலாயிற்று. மிகைச்சொல் இல்லாத நடை. தம் துன்பத்தைப் பெரிதுபடுத்தாத பண்பு. போற்றத்தக்க நூல் அது. எனினும் அது ஓர் அறிஞரின் கண் கொண்டு கண்ட வழி. ஏழு வயதுப் பிள்ளைக்கு அதே வழி வேறு வழி. பெரியவர் கல் எண்ணுகிறார், நாள் எண்ணுகிறார். பிள்ளைக்கு முன்னே நடக்கும் தாயின் குதிகால் ஒன்றே உலகம்.

ப. சிங்காரம் அவர்களின் 'கடலுக்கு அப்பால்', 1972இல் வெளிவந்த 'புயலிலே ஒரு தோணி' ஆகிய இரண்டும் தமிழ் நாவலுக்குப் புதிய கடற்பரப்பைத் திறந்து வைத்தவை. மெடானும் பினாங்கும் தமிழர் ஊர்களாகவே அவற்றில் வாழ்கின்றன. அங்குள்ள இளைஞன் மதுரைத் தெருக்களை நினைந்துருகும் பகுதிகளைப் படித்துக் கண் கலங்காதவர் எவர்? ஆனால் கூர்ந்து நோக்கின், அவ்வேக்கம் கடலுக்கு அப்பாலிருந்து இப்பால் நோக்கியது. இக்கரையில் வாசற்படியில் நின்ற பிள்ளை அக்கரையை எப்படி நினைத்தது? சிங்காரம் கடலின் ஒரு கரையை எழுதினார். அது அவருக்குத் தெரிந்த கரை. அவரைக் குறைகூற நியாயமில்லை. மறுகரை எங்களுக்குத் தெரிந்த கரை. அதை நாங்கள் எழுதவில்லை.

எழுதியிருந்தால் என்னென்ன எழுந்திருக்கும்! சபுராளிகளின் ஊர் இது. தந்தையர் கடல் கடந்திருப்பதும், தாயும் பிள்ளைகளும் ஊரிலிருப்பதும் போருக்கு முன்பே இங்கு வழக்கந்தான். மாதம் ஒரு கடிதமும் பணமும் வரும்வரை அது பிரிவு எனப்பட்டது. சிங்கப்பூர் வீழ்ந்த நாளோடு கடிதமும் நின்றது; பணமும் நின்றது. 1945 ஆகஸ்டு வரை, அதாவது மூன்றரை ஆண்டுகள், உயிரோடிருக்கிறாரா என்பதே தெரியாத தந்தையின் பிள்ளையை என்ன பெயரிட்டு அழைப்பது? யத்தீம் என்னலாகாது, தந்தை இறந்தது உறுதியானாலன்றிச் சிறு பிள்ளை யத்தீம் ஆகான். நம் ஃபிக்ஹு நூல்கள் அத்தந்தைக்கு 'மஃப்கூது' என்று பெயரிட்டு, அவன் சொத்தை எவ்வாறு காப்பது, மனைவி எத்துணைக் காலம் காத்திருப்பது என்று பக்கம் பக்கமாக ஆராய்கின்றன. ஹனஃபி இமாம்கள் அவனையொத்த வயதினர் இறக்கும் காலம்வரை என்றனர். மாலிக்கி மத்ஹபில் நான்காண்டு. இந்திய நாட்டு 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண ரத்துச் சட்டமும் அந்த நான்காண்டையே ஏற்றது. மூன்றரை ஆண்டு மௌனத்தில் வாழ்ந்த ஒரு வீட்டில் அந்த நான்காண்டுக் கணக்கு எப்படி ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பெரியவர்கள் திண்ணையில் தாழ்ந்த குரலில் மஸ்அலா பேசுகின்றனர்; கதவின் பின் நின்று பிள்ளை கேட்கிறது. சட்டம் கணவனுக்குப் பெயரிட்டது. மனைவிக்கு வழி சொன்னது. சொத்துக்குக் காவல் வைத்தது. பிள்ளைக்குத் தனிப்பெயர் இல்லை. பெயரற்ற நிலைக்குப் பெயர் தருவதுதானே இலக்கியத்தின் தொழில்?

இதனினும் கடிய செய்தி ஒன்றுண்டு. பாட்டி வீடு எல்லாப் பிள்ளைக்கும் இருந்ததா? இந்திய முஸ்லிம் தந்தைக்கும் பர்மியத் தாய்க்கும் பிறந்தவர்களைப் பர்மாவில் ஜெர்பாதி என்றழைத்தனர். 1931ஆம் ஆண்டுக் கணக்கில் அவர்கள் 1 லட்சத்துக்கு மேற்பட்டோர். தமிழ் முஸ்லிம் வணிகருள்ளும் இரு கரையிலும் குடும்பம் வைத்திருந்தோர் உண்டு என்பது ஊரறிந்த செய்தி. ரங்கூன் துறைமுகத்தில் கப்பலில் இடம் ஒன்றோ இரண்டோதான் என்றபோது எந்தப் பிள்ளை ஏறிற்று, எந்தப் பிள்ளை கரையில் நின்றது? ஏறி வந்த பிள்ளையும், தமிழ் அறியாத நாவோடும் வேறொரு முகச்சாயலோடும் இங்கு எந்த வாசலில் நின்றது? இவற்றை மறைப்பது மானத்தைக் காப்பதாகும் என்பர் சிலர். மறைத்ததனால் காக்கப்பட்டது பெரியவர்களின் மானம். பிள்ளைக்கு அதனால் கிடைத்தது என்ன?

கதை சொல்லும் முறைக்கு வெளிநாட்டை நாம் நாடவேண்டியதில்லை. பிள்ளையைக் காப்பதற்காகவே பிள்ளையைப் பிரிந்த தாயின் வரலாறு நம் வேதத்தில் உண்டு. ஸூரத்துல் கஸஸில் மூஸா நபியின் அன்னை குழந்தையை ஆற்றில் விடுகிறாள். அதன்பின் அவள் அழுததாக நீண்ட வருணனை இல்லை. அவள் நெஞ்சம் வெறுமையாயிற்று என்னும் கருத்தை ஒரே அரபுச் சொல் தாங்கி நிற்கிறது. உடனே அவள் மகளை அழைத்துப் பின்தொடர்ந்து போகச் சொல்கிறாள். அச்சிறுமி எவரும் அறியாவண்ணம் எட்ட நின்று கவனிக்கிறாள்; தக்க நேரத்தில் அரண்மனையாரிடம் பேசிக் குழந்தையைத் தாயிடமே சேர்ப்பிக்கிறாள். விரிவுரையாளர் பலரும் அன்னையைப் பற்றியே மிகுதியும் பேசுவர். எனக்கோ அச்சகோதரி பெரிதாகத் தெரிகிறாள். பெரியவர்கள் செய்ய இயலாததைச் செய்யும் பிள்ளை அவள். நடை வழியிலும் ரயிலிலும் தம்பியை இடுப்பில் சுமந்த சிறுமியர் எத்தனை பேரோ! அவர்களைத் துன்பப்பட்டோர் என்றெழுதுவதோடு நிறுத்தாமல் செயல்பட்டோர் என்றும் எழுதலாம் என்பதற்கு அவளே சான்று.

அண்மைக் காலத்தில் அமிதவ் கோஷ் ஆங்கிலத்தில் எழுதி 2000இல் வெளியிட்ட 'கண்ணாடி மாளிகை' நாவல் இவ்வழியைத் தொட்டிருக்கிறது. பர்மாவிலிருந்து நடக்கும் குடும்பத்தில் இளந்தாய் ஆற்றோடு போய்விட, கைக்குழந்தையை முதியவர் இருவர் கல்கத்தா கொண்டுவந்து சேர்க்கின்றனர். அக்குழந்தையே பின்னாளில் வளர்ந்து, மறைந்தவற்றைத் தேடிப் புறப்படும் பெண்ணாகிறாள். தூக்கி வரப்பட்டவளே கேட்பவளாகிறாள் என்ற அமைப்பு நாவலாசிரியரின் நுண்ணறிவைக் காட்டுகிறது. ஆயினும் அந்நூல் மரவணிகச் செல்வரின் குடும்பக் கதை. மொகல் தெருவில் சிறு கடை வைத்திருந்தவரின் பிள்ளையை அதில் காண இயலாது.

அப்பிள்ளைக்கு நம் ஊர்களில் வெளியிடப்படும் சிறப்பு மலர்களிலேனும் இடமுண்டா எனில், அதுவும் இல்லை. பள்ளிவாசல் கட்டியோர் பட்டியல் உண்டு. ரங்கூனில் கடை வைத்திருந்த கனவான்களின் புகைப்படங்கள் உண்டு. நன்கொடைத் தொகை பைசா பிசகாமல் உண்டு. 'போர்க்காலத்தில் பலர் ஊர் திரும்பினர்' என்ற ஒரே வரியில் பிள்ளைகள் அனைவரும் அடங்கிவிடுவர். மலர்க் குழுவினர் உழைப்பாளிகளே. அவர்களிடம் கேட்கப்படும் கேள்விதான் தவறு. எவர் என்ன கொடுத்தார் என்று கேட்கிறோம். எவர் எப்படி வந்தார் என்று கேட்பதில்லை.

1942இல் எட்டு வயதாயிருந்தவர் இன்று தொண்ணூறைக் கடந்திருப்பார். அத்தகையோர் சிலரேனும் நம் வீடுகளில் இருப்பர். அவர்களிடம் போரைப் பற்றிக் கேட்டால், நாங்கள் சின்னப் பிள்ளைகள், எங்களுக்கென்ன தெரியும் என்பர். சின்னப் பிள்ளைக்குத் தெரிந்ததைத்தான் கேட்கவேண்டும். வண்டியில் என்ன தின்றீர்கள், எந்தப் பாயில் படுத்தீர்கள், எந்தப் பர்மியச் சொல்லைச் சொன்னதற்கு மற்றப் பிள்ளைகள் சிரித்தனர், உம்மா எந்த நகையை எப்போது கழற்றினார், வாப்பா திரும்பி வந்தபோது அவரை உங்களுக்கு அடையாளம் தெரிந்ததா? இக்கேள்விகளுக்கு அவர்களிடம் விடையுண்டு.

மற்றொன்று. நம் பெண்மக்கள் அக்காலத்தில் கடிதம் எழுதியது பெரும்பாலும் அரபுத்தமிழ் எழுத்தில். 1941ஆம் ஆண்டின் கடைசிக் கப்பலில் வந்த கடிதங்களும், எழுதியும் அனுப்ப வழியின்றி மடித்து வைத்த கடிதங்களும் பழைய டிரங்குப் பெட்டிகளுள் இருக்கக்கூடும். எழுத்து அரபு, மொழி தமிழ் என்பதறியாமல், ஓதுவதற்குரிய ஏடு என்றெண்ணி மரியாதையோடு ஆற்றில் விட்டுவிடும் வீடுகளை நான் அறிவேன். அவ்வாறு விடுமுன் ஒரு முறை பிரித்துக் காட்டுங்கள். அவ்வெழுத்தை வாசிக்கத் தெரிந்தோர் நம் மதரஸாக்களில் இன்னும் இருக்கிறார்கள்.